பாதிப் பட்டன்

எதைக் கையில் வாங்கினாலும் அண்ணன் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். தட்டு, செருப்பு, கடிகாரம், கல்யாணப் பத்திரிகை, எதுவானாலும் சரி. பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையை நீட்டியபோதுகூட, லேசாகச் சாய்த்து முதுகைப் பார்த்துவிட்டுத்தான் கொஞ்சினார். கொடுக்கிறவர்கள் முன்பக்கத்தைத்தான் துடைத்துக் கொடுப்பார்கள், விஷயம் அடியில் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

அண்ணி இதற்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில் அண்ணன் ஒரு நண்பரிடம் பழைய கார் வாங்கினார். ஆறு மாதம் கழித்து அடியில் படுத்துப் பார்த்தபோதுதான், முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி, இரண்டையும் நடுவில் பற்றவைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மனிதர் இப்படி ஆகிவிட்டார் என்பார் அண்ணி. நான் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் பத்து வயதிலேயே அண்ணன் புது பென்சில் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கார் அவருக்கு ஒரு நல்ல சாட்சியாக வந்து வாய்த்தது, அவ்வளவுதான்.

நான் அவருக்கு மூன்று வயது இளையவள். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தேன். அம்மா போன பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் நானும் என் தையல் மெஷினும். வெளி ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் வராது. கண் மட்டும் சும்மா இருக்காது.

அண்ணனுக்கு பஸ் பணிமனையில் வேலை. பாடி கட்டும் பிரிவில் இருபத்திரண்டு வருடம். எந்த வண்டியின் பெயிண்டுக்கு அடியிலும் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டதால் அவருக்கு எந்த வண்டியும் பிடிக்காமல் போய்விட்டது. கடைசியில், தன் கையால் செய்யாத எதிலும் குடும்பத்தை ஏற்றமாட்டேன் என்று வீட்டோரக் கொட்டகையில் ஒரு காரைக் கட்ட ஆரம்பித்தார். ஒன்பது வருடம் கட்டினார். யார் எப்போது கேட்டாலும் "அடுத்த வருஷம் ரெடி" என்பார். தெருவில் அந்தக் காருக்கே "அடுத்த வருஷம்" என்று பேர் வைத்துவிட்டார்கள்.

"என்ன சார், அடுத்த வருஷத்துக்குச் சக்கரம் வந்துடுச்சாமே?" என்று கேட்பார்கள். அண்ணன் சிரிக்கமாட்டார். யார் சொன்னது என்று விசாரிப்பார்.

தகடுகளை அவரே அடித்து வளைத்தார். கதவுகளை அவரே தொங்கவிட்டார். இருக்கை உறைகளை நான் தைத்தேன். அதையும் வாங்கித் திருப்பி அடித்தையலைப் பார்த்தார். நான் கோபித்துக்கொள்ளவில்லை, அடித்தையல் நேராகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்றைத்தான் அவரால் வீட்டில் செய்ய முடியவில்லை. முன்கண்ணாடி. பழைய வண்டிக் கிடங்குகளில் பதினொரு வகைக் கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. அவர் கட்டிய வண்டியின் நெற்றி அவர் நெற்றி மாதிரியே, யாரோடும் ஒத்துப்போகாத வளைவு.

அந்த நேரம் பார்த்து, வண்டிகளைப் பதிவு செய்யும் அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்குத் தேதி வந்தது. வீட்டில் கட்டிய வண்டிகளை அந்த அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார்கள். கண்ணாடி செய்தவரின் முத்திரை மூலையில் இல்லாவிட்டால் வாசலுக்குள்ளேயே விடமாட்டார்கள். தேதியை விட்டால் மறுபடியும் அடுத்த வருஷம். "இந்தத் தடவையும் போகலைன்னா அதை மாட்டுக்கொட்டகைன்னு சொல்லி ஒரு மாடு வாங்கிக் கட்டிடுறேன்" என்று அண்ணி சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். அண்ணன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை.

கண்ணாடிக்கு முதலில் அச்சு வேண்டும். வண்டியின் முன்திறப்பில் மெல்லிய பலகையை வளைத்து மூடி, அதன்மேல் ஃபைபர் துணியைப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டினார். காய்ந்ததும் பெரிய ஆமை ஓடு போல ஒன்று கழன்று வந்தது. அதன் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து, திறப்பில் காற்றுகூடப் புகாதபடி உட்காரவைத்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாலு மூலையிலும் அசையவில்லை.

மறுநாள் ஒரு குழந்தைச் சட்டைக்குப் பிரஸ் பட்டன் வைக்க அட்டையை எடுத்தேன். அதில் ஒரு ஜோடியில் பாதிதான் இருந்தது, குமிழ் உள்ள பாதியைக் காணோம். பாதிப் பட்டனை எடுத்துப்போய் யார் என்ன செய்வார்கள்? முதலில் அண்ணியைச் சந்தேகித்தேன். பிறகு சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணை. பிறகு என் ஞாபகத்தையே சந்தேகித்தேன். சாயங்காலம் கொட்டகைக்குப் போனபோது அச்சு கவிழ்ந்து கிடந்தது. இடது கீழ்மூலையில், ஓரத்தை ஒட்டி, பசை புதிதாக மின்னியது. விரலை வைத்தேன். ஒரு சின்ன மேடு. பட்டன் அளவுக்கு.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றார் அண்ணன், பின்னால் நின்றுகொண்டு.

"எதுக்குண்ணா இது?"

"அடையாளம். நாளைக்குக் கண்ணாடிப் பட்டறையில அச்சை மாத்திக் கொடுத்துட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒன்பது வருஷ வேலைம்மா இது. இதே மாதிரி ஒன்னு எடுத்து வச்சுக்கிட்டு ஊரெல்லாம் வித்தா?"

ஊரில் வேறு யார் வண்டிக்கு அந்தக் கண்ணாடி பொருந்தும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன். "மேடு கண்ணாடியிலயும் வந்துடாதா?"

"அவங்க ஓரத்தைக் கோடு போட்டு எடுத்துக்குவாங்க, வளைவைக் குத்துமதிப்பா பார்த்துக்குவாங்க. இத்தனூண்டு மேட்டை யார் கவனிக்கப் போறா?"

துணிக்கு அடியில் ஒரு நூல் கிடந்தால்கூட இஸ்திரி போடும்போது மேலே தடம் விழும். அது எனக்குத் தெரியும். ஆனால் கண்ணாடி துணியில்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கண்ணாடிப் பட்டறை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. நீளமான தகரக் கூரை. சுவரோரம் மரச்சட்டங்களில் கண்ணாடிகள் சாய்ந்து நின்றன. நடுவில் ஒரு மேசை, மேலே விரித்த பழைய கம்பளி. பட்டறையை நடத்துவது ஓர் அம்மாள், ஐம்பதைத் தாண்டியவர், கை நிறைய சின்னச் சின்னத் தழும்பு. அவர் கணவர் பின்கட்டில் உலையைப் பார்த்துக்கொள்வார். அவர் பேசி நான் கேட்டது மொத்தமே நாலைந்து வார்த்தை இருக்கும்.

அந்த அம்மாள் அச்சைக் கம்பளிமேல் கவிழ்த்தார். அளவு நாடாவைத் தொடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே வந்தார். இடது கீழ்மூலையில் விரல் நின்றது.

"இங்க ஒரு மேடு இருக்கே சார்?"

அண்ணன் விறைத்துப்போனார்.

"உங்க வண்டியில அந்த இடம் இப்படித்தான் பள்ளமா இருக்கா?"

"ஆமா. அப்படியேதான் இருக்கு" என்றார் அண்ணன். "அச்சுல என்ன இருக்கோ அது அப்படியே வரணும். எதையும் மாத்தக் கூடாது."

"சரி சார்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதும்போது ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிகளைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்னார்: "பாத்தியா? தொட்ட உடனே கண்டுபிடிச்சுட்டா. எவ்வளவு உஷார் பாரு. இவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

கண்ணாடிக்கு ஆறு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு வாரமும் விடுமுறை நாளில் அண்ணன் பட்டறைச் சந்துக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். என்னையும் கூட்டிப்போனார். "தனியா உக்காந்தா சந்தேகப்படுவாங்க. நீ கூட இருந்தா குடும்பம்னு நினைச்சுக்குவாங்க." பஸ் வரும், நிற்கும், நாங்கள் ஏறமாட்டோம். மூன்றாவது வாரம் ஒரு கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏன் சார், உங்களுக்குப் பிடிச்ச கலர்ல பஸ் வரலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாலாவது வாரம், போர்வை சுற்றிய வளைவான ஒன்றைப் பட்டறையிலிருந்து தூக்கி வந்து வேனில் ஏற்றினார்கள். அண்ணன் எழுந்து ஓடினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். "பிரிங்க, இதைப் பிரிங்க" என்று வேன்காரரிடம் மல்லுக்கு நின்று போர்வையை அவரே விலக்கினார். உள்ளே இருந்தது ஒரு பேக்கரிக்குக் காட்சிப் பெட்டி செய்ய வளைத்த கண்ணாடி. அப்போதும் குனிந்து அதன் அடியைப் பார்த்தார்.

பட்டறை வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"நாலு வாரமா பஸ் ஸ்டாப்புல உக்காந்து இடுப்பு வலிக்கலையா சார்? உள்ள நாற்காலி இருக்கு, வாங்க."

போனோம். அண்ணன் உட்காரவில்லை, நாற்காலியின் அடியைப் பார்த்தார், அவ்வளவுதான். எங்கள் அச்சு ஆணியில் தொங்கியது. அண்ணன் அதன் பக்கமாக நகர்ந்து, யாரும் பார்க்காத மாதிரி மூலையைத் தடவினார். மேடு இருந்தது. அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

அந்த அம்மாள் ஓர் இரும்புச் சட்டத்தைக் காட்டினார். அச்சின் ஓரத்தைப் பார்த்து, விரலால் தொட்டுத் தொட்டு வளைத்தது. இதன்மேல் இரண்டு தட்டைக் கண்ணாடியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உலைக்குள் தள்ளினால், சூட்டில் இளகித் தன் பாரத்தாலேயே சட்டத்தில் படிந்து வளையும். ஆறிய பிறகு இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டவேண்டும். கல் பட்டாலும் சிதறாது. இதையெல்லாம் அவர் அண்ணனுக்குச் சொன்னதைவிட எனக்குத்தான் சொன்னார் என்று தோன்றியது.

"எல்லாம் சரியா வந்திருக்கு. இந்த மேடு மட்டும் என் மனசுக்கு ஒப்பலை" என்றார். சட்டத்திலும் அதே இடத்தில் ஒரு சின்ன வளைவு இருந்தது. "நாளைக்கு உலைக்குப் போகுது. போயிட்டா மாத்த முடியாது. இன்னொரு தடவை சொல்லுங்க சார், இது நிஜமா வேணுமா?"

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லிவிடு அண்ணா என்று வாய்வரை வந்தது. வாய்க்குள்ளேயே நின்றது.

"ஏம்மா அதையே கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றார் அண்ணன். "வேணும்னா வேணும்."

பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கண்ணாடி வந்தது. காலை வெயிலில் வண்டியை வெளியே தள்ளி நிறுத்தியிருந்தார் அண்ணன். அந்த அம்மாளும் கணவரும் இரண்டு பக்கம் பிடித்து, போர்வையிலிருந்து தூக்கித் திறப்பில் வைத்தார்கள். அப்படி ஒரு கண்ணாடி. அதில் எங்கள் வீட்டுச் சுவர் கோணாமல் தெரிந்தது. மூலையில் அவர்கள் முத்திரை. அண்ணி, "அம்மாடி" என்றார்.

அம்மாள் விரலால் ஒரு மூலையை அழுத்தினார். எதிர்மூலை எழும்பியது. அந்த மூலையை அழுத்தினார், இது எழும்பியது. டக், டக். ஒரு கால் நீண்ட மேசை போல ஆடியது.

"அழுத்திப் பிடிச்சுச் சுத்தி ரப்பரைப் போட்டா?" என்று கேட்டார் அண்ணி.

"வெடிச்சிடும்" என்றார் உலைக்காரர்.

அண்ணனின் குரல் ஏறியது. "எனக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். அச்சை மாத்திட்டீங்க. என் அச்சு இந்தத் திறப்புல சொன்னபடி உக்காந்தது. வேற எவன் வண்டி அச்சையோ வச்சு எனக்குக் கண்ணாடி போட்டிருக்கீங்க."

"இருபத்தாறு வருஷமா இந்த வேலை செய்யறேன் சார்" என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை, ஆனால் காது சிவந்துவிட்டது. வேனிலிருந்து அச்சை எடுத்துவரச் சொன்னார். கண்ணாடியை இறக்கிவிட்டு அச்சைத் திறப்பில் வைத்தார்கள். அதுவும் ஆடியது. டக், டக்.

"பாத்தீங்களா? இது என் அச்சே இல்ல!" அண்ணன் அதைப் பிடுங்கித் தலைகீழாகத் திருப்பினார். அவர் விரல் இடது கீழ்மூலைக்குப் போயிற்று.

நின்றது.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டின்மேல் ஒருமுறை போனது, திரும்ப வந்தது, அங்கேயே இருந்தது. அச்சு அவருடையதுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பட்டனை வைத்த பிறகு ஒருமுறைகூட அச்சைத் திறப்பில் வைத்துப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்திருக்கும். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கயோ தப்பு நடந்திருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்த அம்மாள் கண்ணாடியை ஒருமுறை தடவிப் பார்த்தார். "சரி சார். என் கையில இருந்து போன பொருள் பொருந்தலைன்னா அது என் தப்புதான். வேற செஞ்சு தரேன். ஆறு வாரம் ஆகும்." கணவரிடம் திரும்பி, "இதை ஏத்துங்க" என்றார்.

உலைக்காரர் கண்ணாடிமேல் போர்வையைப் போட்டார்.

நான் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். எப்படிப் போனேன், எப்படி வந்தேன் என்று தெரியாது. அண்ணன் கையில் இருந்த அச்சின் மூலையில் கத்தரி முனையை நுழைத்து நெம்பினேன். "ஏய், ஏய்" என்றார் அண்ணன், ஆனால் இழுக்கவில்லை. ஃபைபர் இரண்டு விரற்கடை பிய்ந்து வந்தது. பட்டன் என் கையில் விழுந்தது.

"இது என்னோடது" என்றேன். "பாதி. மீதி பாதி என் பெட்டியில இருக்கு."

வெளி ஆள் முன்னால் நான் அவ்வளவு சேர்த்துப் பேசியது அதுதான் முதல்முறை. அந்த அம்மாள் பட்டனை வாங்கினார். திருப்பிப் பார்த்தார், அடிப்பக்கத்தையும் பார்த்தார். நான் பிய்த்த இடத்தைத் தேய்த்துவிட்டு அச்சைத் திரும்பத் திறப்பில் வைத்தார். ஆடவில்லை.

"எதுக்கு சார் இது?"

"அடையாளத்துக்கு" என்றார் அண்ணன். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ரெண்டு தடவை கேட்டேனே சார்."

"கேட்டீங்க."

அண்ணிதான் முதலில் சிரித்தார். சிரிப்பை அடக்கத் தெரியாதவர். "எல்லாரும் ஏமாத்துவாங்கன்னு எல்லா வழியையும் யோசிச்சீங்களே, அந்தம்மா ஒழுங்கா வேலை செஞ்சுட்டா என்ன ஆகும்னு மட்டும் யோசிக்காம விட்டுட்டீங்களே!"

உலைக்காரர் முதுகைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. போர்வையை விலக்கிக் கண்ணாடியின் மூலையைத் தடவிக் காட்டினார். "இனிமே கண்ணாடி வளையாது சார். உங்க தகடு வளையும்."

அண்ணன் வெகுநேரம் திறப்பின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது வருடம் அவர் கண்ணில் வைத்துக் காத்த விளிம்பு அது, ஒரு இடத்தில்கூடப் பூச்சு வைத்து நிரப்பாத தகடு. பிறகு சுத்தியலை எடுத்தார். அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... அந்தப் பக்கம்... போதும்" என்று சொல்லச் சொல்ல, இடது கீழ்மூலையில் மூன்று மில்லிமீட்டர் பள்ளம் தட்டினார். மதியத்துக்குள் கண்ணாடி உட்கார்ந்தது. நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தார்கள். அசையவில்லை.

போகும்போது அந்த அம்மாள் அச்சைக் காட்டி, "வச்சுக்கோங்க சார், உங்க பொருள்" என்றார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். "என்னைக்காவது உடைஞ்சா வேணுமே." மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. அவருக்கு அதற்குமேல் வராது என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரிந்திருக்கவேண்டும், மறுபேச்சு பேசாமல் எடுத்துக்கொண்டார்.

பரிசோதனையில் அதிகாரி முத்திரையைப் பார்த்தார், கண்ணாடியைத் தட்டினார், ரப்பர்மேல் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். இடது கீழ்மூலையில் விரல் நிற்கவில்லை. என் நெஞ்சுதான் நின்றது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டி ஓடுகிறது. தெருவில் இன்னும் அதை "அடுத்த வருஷம்" என்றுதான் சொல்கிறார்கள். நான் வாரத்தில் இரண்டு நாள் பட்டறைக்குப் போய், கண்ணாடிகளைச் சுற்றி அனுப்பக் கம்பளி உறைகள் தைக்கிறேன். பட்டனின் இரண்டு பாதிகளும் என் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் ஃபைபர் ஒட்டியிருப்பதால் அவை ஒன்றோடொன்று மாட்டுவதில்லை. அண்ணன் எதை வாங்கினாலும் இன்னும் திருப்பித்தான் பார்க்கிறார். நான் பட்டறைக்குப் போய்வரும் நாட்களில் மட்டும், சாப்பிட உட்காரும்போது, "அச்சு இருக்கா?" என்று கேட்பார். "ஆணியில தொங்குது" என்பேன். சரி என்று சாப்பிட ஆரம்பித்துவிடுவார். நேரில் போய்ப் பார்த்ததில்லை.